கிளாசிக் கார்களுக்கான வீட்டு கேரேஜ்: அளவெடுப்பதிலிருந்து கருவிகளை அடுக்குவது வரை

கிளாசிக் கார் ஆண்டின் பெரும்பகுதியை நின்றபடியேதான் கழிக்கிறது. விடுமுறை நாளில் ஓரிரு மணி நேரம் சாலைக்கு வந்துவிட்டு மீண்டும் கூரைக்குக் கீழே போய்விடும் அந்த வண்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது, அது ஓடிய தூரத்தைவிட அது நின்ற இடமே. அந்த இடத்தில் அதற்குக் கேடு செய்வது பெரும்பாலும் வெப்பமோ குளிரோ இல்லை. காற்றில் கலந்திருக்கும் ஈரம்தான். ஆகவே தரை, சுவர், கதவு, கூரை, வெப்பமூட்டி என எதைப் பற்றி முடிவெடுத்தாலும், அது உள்ளே ஈரத்தைக் கூட்டுமா குறைக்குமா என்ற கேள்வியை முதலில் கேட்டுவிட வேண்டும்.

வேலையின் வரிசையும் முக்கியம். பிற்பாடு மாற்ற முடியாதவற்றை முதலில் முடிவு செய்ய வேண்டும்: நீள அகலம், கூரை உயரம், தரையின் தடிமன், தரைக்கு அடியில் போடும் ஈரத்தடுப்புத் தாள். அடுத்து மின்சாரம், வெளிச்சம், காற்றோட்டம். அலமாரியும் சாய்வு நாற்காலியும் சுவரில் மாட்டும் பழைய விளம்பரப் பலகைகளும் கடைசியில் வரட்டும். பலர் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, அழகான தரை ஓடுகளைப் பதித்து முடித்த பிறகே காரைத் தூக்கி நிறுத்தும் லிஃப்ட் வைப்பதற்குக் கூரை உயரம் போதாது என்று கண்டுகொள்கிறார்கள்.

1. அளவு

கிளாசிக் கார் என்ற ஒரே சொல்லுக்குள் மிக வேறுபட்ட உருவங்கள் அடங்கியிருக்கின்றன. 1959-இல் வெளிவந்த மினியின் நீளம் சுமார் 3.05 மீட்டர், அகலம் சுமார் 1.4 மீட்டர். அதே ஆண்டின் கேடிலாக் 5.7 மீட்டர் நீளமும் 2 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான அகலமும் கொண்டது. எனவே பொதுவான ஓர் அளவை எடுத்துக்கொள்ளாமல், சொந்தக் காரையும், நாளை வாங்கக்கூடும் என்று மனத்தில் வைத்திருக்கும் காரையும் அளந்து, அவற்றுள் பெரியதற்கு ஏற்பத் திட்டமிடுவது நல்லது.

காரின் அளவைவிட அதைச் சுற்றி விடும் இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். கதவை முழுமையாகத் திறக்க ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 90 செ.மீ. தேவை, இரண்டு கதவு கொண்ட பழைய கூபே வகைகளின் கதவுகள் நீளமானவை என்பதால் 1.1 மீட்டர் இருந்தால் கைகால் இடிக்காது. முன்பக்கம் பானட்டுக்கு எதிரே குனிந்து நின்று வேலை செய்ய 1 மீட்டரும், அங்கேயே வேலை மேசையும் வைப்பதானால் 1.6 மீட்டரும் வேண்டும். ஜாகுவார் ஈ-டைப்பின் முன்பகுதி முழுவதும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். மெர்சிடிஸ் 300 எஸ்எல் கூபேயின் கதவுகள் மேல்நோக்கி இறக்கைபோல எழும்பும். இப்படிப்பட்ட வண்டிகளுக்கு, எல்லாவற்றையும் திறந்து வைத்த நிலையில் அளவெடுத்தாக வேண்டும். நடுத்தர அளவுள்ள ஒரு காருக்கு 4 மீட்டர் அகலமும் 6.5 மீட்டர் நீளமும், இரண்டு கார்களுக்கு 7 மீட்டருக்கு 7 மீட்டரும் இருந்தால் வசதியாக வேலை செய்யலாம். தரையில் சாக்கட்டியால் கோடு போட்டு, காரை அதற்குள் நிறுத்தி, எல்லாக் கதவுகளையும் திறந்து ஒருமுறை சுற்றி வந்து பார்த்தால், வரைபடம் சொல்லாத பலவும் தெரிந்துவிடும்.

வாசலின் அகலம் 2.7 மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். வெளிநோக்கித் திறக்கும் இரட்டைக் கதவு உள்ளே இடம் பிடிக்காது. ஆனால் முன்னால் காலியிடம் வேண்டும். சுருள் ஷட்டர் இடத்தை மிச்சப்படுத்தினாலும் அதன் தகடுகளுக்கிடையே காற்றும் தூசியும் புகும். பலகை பலகையாக மேலேறிக் கூரைக்கடியில் படுக்கும் கதவுதான் ஈரக்காற்றை நன்றாகத் தடுக்கிறது, குறிப்பாக நடுவில் வெப்பத்தடுப்பு நுரை வைத்த வகை. அதன் தண்டவாளங்கள் லிஃப்ட்டின் மேல் குறுக்கே வந்துவிடக்கூடாது; லிஃப்ட் உண்டென்றால், தண்டவாளத்தைக் கூரையை ஒட்டி உயர்த்திப் பொருத்தி, மோட்டாரைப் பக்கச் சுவரில் வைக்கும் அமைப்பைக் கேட்டு வாங்க வேண்டும்.

2. தரை

கார் நிறுத்த மட்டுமானால், நன்கு இறுக்கிய மண்ணின்மேல் 100 மி.மீ. கான்கிரீட் போதும். லிஃப்ட் வருமென்றால் அதன் கால்கள் நிற்கும் பகுதியில் கம்பி கட்டி 150 மி.மீ. தடிமனில் போடுவது பாதுகாப்பானது. இறுதி அளவை லிஃப்ட் தயாரிப்பாளரின் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். கான்கிரீட்டுக்கு அடியில் கனமான பாலித்தீன் தாளை விரித்து, ஓரங்களைச் சுவரின் ஈரத்தடுப்பு அடுக்கோடு இணைக்கத் தவறினால், மண்ணின் ஈரம் ஆண்டு முழுவதும் மேலேறி வரும். கண்ணுக்குக் காய்ந்ததாகத் தெரியும் தரையிலிருந்தும் ஆவியாக ஏறும் இந்த ஈரம் நேராகச் சேசிஸின், அதாவது காரின் அடிச்சட்டத்தின், அடிப்பகுதியில்தான் போய்ப் படியும்.

ஏற்கெனவே தரை இருந்தால் ஒரு சிறு சோதனை செய்யலாம். 45 செ.மீ. சதுரமான பாலித்தீன் துண்டைத் தரையில் வைத்து நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு முழு நாள் விட்டுவிட்டுப் பிரிக்க வேண்டும். தாளின் அடியில் முத்து முத்தாக நீர் படிந்திருந்தாலோ, அந்தச் சதுரம் மட்டும் கறுத்திருந்தாலோ, அந்தத் தரையில் எபாக்சி என்னும் பிசின் பூச்சு நிலைக்காது. சில மாதங்களில் கொப்புளம் கொப்புளமாக உரியும்.

சோதனையில் தேறிய தரைக்கு எபாக்சி நல்ல தேர்வு. புதிய கான்கிரீட் என்றால் 28 நாள் கழித்து, மேற்பரப்பை இயந்திரத்தால் லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கிய பிறகே பூச வேண்டும். இந்தத் தேய்ப்பைத் தவிர்ப்பதும், ஓடி வந்த காரின் சூடான டயர்கள் ஆறும்போது பூச்சைப் பிடித்து இழுப்பதும்தான் எபாக்சி உரிவதற்கு முக்கியக் காரணங்கள். ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் பிவிசி ஓடுகளை ஒரே நாளில் போட்டுவிடலாம். ஆனால் டயர் ரப்பரிலிருந்து கசியும் வேதிப்பொருள் வெளிர்நிற பிவிசியில் அழியாத பழுப்புக் கறையாகப் பதியும். நிறத்தைப் பொறுத்தவரை வெளிர்சாம்பல் சிறந்தது. கீழே விழுந்த சிறு திருகும் கண்ணில் படும், புதிதாகத் தொடங்கிய எண்ணெய்க் கசிவும் உடனே தெரியும். வாசலை நோக்கி 100-க்கு 1 என்ற சரிவு இருந்தால் கார் கழுவிய நீர் தானாக வெளியேறும். லிஃப்ட் நிற்கும் பகுதி மட்டும் மட்டமாக இருக்க வேண்டும்.

காரின் அடியில் நின்று வேலை செய்யப் பழைய பாணிப் பரிசோதனைக் குழி வெட்டும் ஆசை பலருக்கு உண்டு. என் கருத்தில் வீட்டு கேரேஜுக்கு அது வேண்டாம். அதில் நீர் ஊறும், ஆள் தவறி விழுவார், எல்லாவற்றையும்விடப் பெட்ரோல் ஆவி அதில் தேங்கும்.

3. ஈரத்தை ஆளுதல்

காற்றின் ஒப்பு ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் இரும்பில் துருப் பிடிப்பது வேகமெடுக்கிறது. 40-க்குக் கீழே போனால் தோல் இருக்கைகள் வெடிக்கும், மர டாஷ்போர்டும் மரச்சட்டங்களும் சுருங்கிப் பிளக்கும். ஆகவே 45 முதல் 55 வரை வைத்துக்கொள்வதே இலக்கு. விலை குறைந்த ஈரப்பத மானி இரண்டை வாங்கி, ஒன்றைக் காரின் அடிப்பகுதி உயரத்திலும் மற்றொன்றை ஆள் உயரத்திலும் மாட்டி, பருவம் மாறும் வரை குறித்து வந்தால் உங்கள் கேரேஜின் குணம் புரிந்துவிடும்.

வெறும் சதவீதத்தைவிடப் பனிநிலை என்ற கருத்தைப் புரிந்துகொள்வது பயன்தரும். 30 டிகிரி செல்சியஸில் 70 சதவீத ஈரம் கொண்ட காற்று, ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் அதில் நீராகப் படியும். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த எஞ்சின் பிளாக்கும் பிரேக் டிரம்மும் காலையில் கதவைத் திறந்தவுடன் வியர்ப்பது இதனால்தான். கதவைத் திறந்து வைத்தால் ஈரம் போய்விடும் என்ற நம்பிக்கை, வெளியே காற்று உலர்ந்திருக்கும் நாள்களில் மட்டுமே பலிக்கும். மழைக்காலத்தில் அதே பழக்கம் ஈரத்தை உள்ளே அழைத்து வரும்.

முதல் தடுப்பு வெப்பக்காப்பு. கூரைக்கு முதலில், பிறகு கதவுக்கு, அதன்பின் சுவர்களுக்கு என்ற வரிசையில் செய்தால், உள்ளே வெப்பநிலை ஏறி இறங்குவது குறையும். ஏற்ற இறக்கம் குறைந்தால் வியர்ப்பதும் குறையும். தகரக் கூரையின் அடிப்பகுதியில் காப்பு இல்லாவிட்டால் அதில் படியும் நீர் சொட்டுச் சொட்டாகக் காரின் மேலேயே விழும். இரண்டாவது தடுப்பு ஈரநீக்கி இயந்திரம். வெப்பமான இடங்களில் கம்ப்ரஸர் வகையும், வெப்பநிலை அடிக்கடி 15 டிகிரிக்குக் கீழே இறங்கும் இடங்களில் ஈரமுறிஞ்சி உருளை வகையும் நன்றாக வேலை செய்யும். சேரும் நீரைத் தொட்டியில் விடாமல் குழாய் வழியாக நேரே வெளியே விட வேண்டும். தொட்டி நிரம்பி இயந்திரம் தானாக நின்றுபோன நாளில்தான் நீங்கள் வெளியூரில் இருப்பீர்கள்.

புகைபோக்கி இல்லாத எரிவாயு அடுப்பு வகை வெப்பமூட்டிகளை உள்ளே வைக்கவே கூடாது. 1 கிலோ புரோபேன் எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீராவி உண்டாகிறது. குளிர் தெரியாமல் வேலை செய்யலாம், ஆனால் அன்று இரவே அந்த நீர் முழுவதும் குளிர்ந்த தகடுகளில் படியும். எஞ்சினும் இந்தக் கணக்குக்கு விலக்கில்லை; 1 லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய 1 லிட்டர் நீர் உருவாகிறது. வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைக்கும் வழக்கம், சூடேறாத சைலன்சரிலும் எண்ணெயிலும் அந்த நீரைச் சேர்த்துவைத்துக் கேடுதான் செய்கிறது. ஓட்டினால் முழுச் சூடு ஏறும்வரை ஓட்ட வேண்டும். இல்லையேல் தொடாமல் விட்டுவிடலாம்.

4. பெட்ரோல் ஆவியும் நச்சுப்புகையும்

பழைய கார்புரேட்டர் கார்களின் எரிபொருள் தொட்டியும் கார்புரேட்டர் கிண்ணமும் நேராக வெளிக்காற்றோடு தொடர்புள்ளவை. பிற்காலக் கார்களில் இருப்பதுபோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரிப்பெட்டி இவற்றில் இருக்காது. அதனால் கசிவே இல்லாத வண்டிகூட நின்ற இடத்தில் பெட்ரோல் வாடையை விட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஆவி காற்றைவிட மூன்று முதல் நான்கு மடங்கு கனமானது, தரையோடு தவழ்ந்து பள்ளங்களில் தேங்கும், காற்றில் 1.4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றப் போதும். குளிர்பதனப் பெட்டி, நீர் சூடாக்கி, கம்ப்ரஸர் மோட்டார், சாதாரண ஸ்விட்ச் என்று பொறி பறக்கக்கூடிய எதுவும் தரையிலிருந்து குறைந்தது 45 செ.மீ. உயரத்துக்கு மேல்தான் இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். பிளக் பாயிண்டுகளை 1 மீட்டர் உயரத்துக்கு மேல் வைத்துவிட்டால் வேலை மேசைக்கும் அது வசதியாக அமையும்.

காற்றுத் துவாரங்களை எதிரெதிர்ச் சுவர்களில், ஒன்றைத் தரையை ஒட்டியும் மற்றொன்றைக் கூரையை ஒட்டியும் வைக்க வேண்டும். கீழ்த்துவாரம் பெட்ரோல் ஆவிக்கு; மேல்துவாரம் பேட்டரி சார்ஜ் ஆகும்போது வெளிவரும் ஹைட்ரஜனுக்கு. துவாரங்களுக்கு 6 மி.மீ.க்கு மேற்படாத கண்ணுள்ள கம்பிவலை அவசியம், ஏனெனில் ஒரு பென்சில் நுழையும் சந்து இருந்தால் சுண்டெலியும் நுழைந்துவிடும். குதிரைமயிர் திணித்த பழைய இருக்கைகளும் துணி சுற்றிய வயர்களும் அவற்றுக்கு அவ்வளவு பிடிக்கும்.

வீட்டோடு ஒட்டிய கேரேஜானால் இடையிலுள்ள கதவு தானாக மூடிக்கொள்வதாகவும், தீயைத் தாங்குவதாகவும், சுற்றிலும் ரப்பர் பட்டை வைத்ததாகவும் இருக்க வேண்டும். வினையூக்கி இல்லாத பழைய எஞ்சின்களின் புகையில் கார்பன் மோனாக்சைடு மிக அதிகம். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கதவு திறந்திருந்தாலும் உள்ளே எஞ்சினை ஓடவிட்டு டியூனிங் செய்வதானால், சைலன்சர் முனையில் வெப்பம் தாங்கும் குழாயை மாட்டிப் புகையை வெளியே கொண்டுபோய் விட வேண்டும். கார்பன் மோனாக்சைடை உணரும் எச்சரிக்கைக் கருவியை கேரேஜை ஒட்டிய அறையிலும் பொருத்துங்கள்.

தீயணைப்பான்களில் உலர்தூள் வகை தீயை விரைவில் அணைக்கும். ஆனால் அதன் தூள் ஈரத்தோடு சேர்ந்து அலுமினியத்தையும் மின் இணைப்புகளையும் அரிக்கும். பெட்ரோல் தீக்கு நுரை வகை ஒன்றும், மின் தீக்குக் கார்பன் டை ஆக்சைடு வகை ஒன்றும், ஆள் வெளியேறும் வாசலுக்கு அருகிலேயே இருக்கட்டும். மர வேலைக்கு ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணியைக் கசக்கி மூலையில் எறிந்தால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். மூடியுள்ள இரும்புத் தொட்டிதான் அதற்குரிய இடம்.

5. மின்சாரமும் வெளிச்சமும்

வீட்டிலிருந்து ஒரு நீட்டிப்பு வயரை இழுத்துக்கொண்டு வருவது கேரேஜுக்குப் போதாது. தனித் துணைப் பலகை, 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான், லிஃப்ட்டுக்கும் கம்ப்ரஸருக்கும் தனித்தனிச் சுற்று ஆகியவற்றை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு அமைக்க வேண்டும். காரின் மூக்கு நிற்கும் இடத்தில் பேட்டரி சார்ஜருக்கென்று ஒரு பாயிண்ட் ஒதுக்குங்கள். சார்ஜர் வாங்கும்போது காரின் பேட்டரி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் 1960-களின் நடுப்பகுதி வரை பாசிட்டிவ் முனைதான் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது என்பதையும் மறக்கக்கூடாது. ஓய்வில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும் பேட்டரி நலமாக இருக்கிறது; 12.4-க்குக் கீழே நாள்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படியத் தொடங்கும்.

விளக்கு விஷயத்தில் எல்லோரும் செய்யும் தவறு, அறையின் நடுவே, அதாவது காரின் கூரைக்கு நேர் மேலே, விளக்கை மாட்டுவது. பானட்டைத் திறந்தால் அதன் நிழல் எஞ்சின்மேல் விழும். காரின் இரு பக்கங்களிலும் நீளவாக்கில் எல்இடி பட்டை விளக்குகளும், சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு வரிசையும் இருந்தால் கதவின் கீழ்ப்பகுதி வரை தெளிவாகத் தெரியும். பொது வேலைக்கு 500 லக்ஸ், பெயின்ட் பார்க்க 1000 லக்ஸ். 4000 முதல் 5000 கெல்வின் நிறம். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைச் சொல்லும் நிறத்தெளிவு எண் 90-க்கு மேல். இந்த எண் குறைந்த விளக்கின் கீழ் ஒட்டுப்போட்ட பெயின்ட்டும் அசல் பெயின்ட்டும் ஒரே நிறமாகத் தெரிந்து, வெயிலில் வந்த பிறகே வேறுபாடு தெரியும். ஜன்னல் வழியாக நேர்வெயில் காரின்மேல் விழுந்தால் டாஷ்போர்டும் இருக்கைத் துணியும் வெளிறும். கண்ணாடியில் புற ஊதா தடுப்புப் படலம் ஒட்டலாம்.

6. லிஃப்ட்

இரண்டு தூண் லிஃப்ட் சக்கரங்களைத் தொங்கவிடுவதால் பிரேக், சஸ்பென்ஷன் வேலைக்கு ஏற்றது. ஆனால் அதன் கைகள் காரின் அடிவிளிம்பைத் தாங்குகின்றன. உள்ளே துருப்பிடித்த பழைய காரில் அந்த விளிம்பு நசுங்கிவிடக்கூடும். சேசிஸ் தனியாக உள்ள காரானால் கைகளைச் சேசிஸின் கீழேயே நிறுத்தலாம். நான்கு தூண் லிஃப்ட் காரைச் சக்கரங்களின்மேல் தாங்குவதால் உடலுக்கு எந்த அழுத்தமும் இல்லை, கீழே இன்னொரு காரையும் நிறுத்தலாம். சேமிப்புக்கும் எளிய பராமரிப்புக்கும் அதையே நான் பரிந்துரைப்பேன். மேல்காரின் அடியில் எண்ணெய்த் தட்டுகளை வைக்க மறவாதீர்கள். பழைய கார் சொட்டாமல் இருப்பது அரிது.

உயரக் கணக்கு எளிது. இரண்டு கார்களின் உயரத்தையும் கூட்டி, மேடையின் தடிமனும் கை நுழையும் இடைவெளியுமாக 40 செ.மீ. சேர்த்தால், 1.4 மீட்டர் உயரமுள்ள இரு கார்களுக்கு 3.2 மீட்டர் வேண்டும். அடியில் நிமிர்ந்து நின்று வேலை செய்ய 3.5 மீட்டர். தரைக்குள் வெந்நீர்க் குழாய் போடும் எண்ணமிருந்தால், லிஃப்ட்டின் ஆணிகள் இறங்கும் இடங்களைக் குழாய் வரைபடத்தில் முன்கூட்டியே விலக்கிவைத்து, கான்கிரீட் ஊற்றுமுன் அளவுநாடாவோடு புகைப்படமும் எடுத்துவைக்க வேண்டும்.

7. வேலை மேசையும் கருவிகளும்

மேசையின் உயரம் பொதுவாக 90 முதல் 95 செ.மீ., ஆழம் 60 முதல் 70 செ.மீ. பட்டறை வைஸின் தாடை முழங்கை மட்டத்தில் இருந்தால் அரம் போடும்போது தோள் வலிக்காது. மேசையை ஈரநீக்கிக்கு அருகில் வைக்காமல், வெளிச்சம் முன்னிருந்து வரும் சுவரில் வையுங்கள்.

ஸ்பானர்களை அளவு முறைப்படித் தனித்தனி இழுப்பறைகளில் பிரித்து வைப்பது அவசியம். பழைய பிரிட்டிஷ் கார்களுக்கு விட்வொர்த் என்னும் பழைய பிரிட்டிஷ் அளவு முறை, பிற்காலத்தவற்றுக்கும் அமெரிக்கக் கார்களுக்கும் அங்குல அளவு, ஐரோப்பியக் கார்களுக்கு மில்லிமீட்டர். எம்ஜி டிசி காரின் எஞ்சினில் மரைகள் மெட்ரிக் முறையிலும் போல்ட்டின் தலை விட்வொர்த் அளவிலும் இருக்கும் வேடிக்கையும் உண்டு. ஏறத்தாழப் பொருந்தும் ஸ்பானரைப் போட்டுத் திருகி முனை மழுங்கிய போல்ட்டுக்கு மாற்று கிடைப்பது பல நேரம் காரின் உதிரிபாகத்தைவிடக் கடினம். இவற்றோடு டார்க் ரெஞ்ச், டைமிங் விளக்கு, கிரீஸ் கன், காரின் எடைக்கு மிகையான தாங்குதிறன் கொண்ட ஸ்டாண்டுகள், படுத்து நகரும் சக்கரப் பலகை ஆகியவை இருந்தால் பெரும்பாலான வேலைகள் நடந்துவிடும். ஜாக்கை மட்டும் நம்பிக் காரின் அடியில் எவரும் போகக்கூடாது.

டயருக்குக் காற்றடிக்க 50 லிட்டர் கம்ப்ரஸர் போதும். பெயின்ட் அடிப்பதானால் 150 லிட்டருக்கு மேல். அதன் இரைச்சல் தாங்காது, ஆகவே வெளிச்சுவரை ஒட்டிக் காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் வைத்துக் குழாயை உள்ளே கொண்டுவரலாம். அழுத்தக் காற்றுக்குப் பிவிசி குழாய் ஒருபோதும் கூடாது; நாளடைவில் நொறுங்கும் தன்மை பெற்று ஒருநாள் கத்திபோன்ற துண்டுகளாக வெடித்துச் சிதறும்.

8. மனிதருக்கு வேண்டியவை

இதற்குச் சொல்ல அதிகமில்லை. ஒரு கைகழுவும் தொட்டி, முதுகு சாய்க்க ஒரு நாற்காலி, பாகங்களின் படங்களைப் பார்க்க ஒரு சிறிய திரை. குளிரூட்டவும் சூடாக்கவும் செய்யும் ஸ்பிளிட் ஏசி தீச்சுடர் இல்லாதது, ஈரத்தையும் ஓரளவு எடுக்கும். உட்காரும் பகுதியைக் கண்ணாடித் தடுப்பால் பிரித்தால், பெட்ரோல் வாடை இல்லாமல் காரைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

9. காரை உள்ளே நிறுத்தும் முறை

நீண்ட நாள் நிறுத்துவதானால் கழுவி, முழுதும் உலரவிட்டு, டயரின் காற்றழுத்தத்தை அதன் பக்கவாட்டில் அச்சிட்ட உச்ச அளவுக்குள் சற்றுக் கூட்டி வைக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு வைத்தால் பிரேக் பட்டைகள் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். அதை விடுவித்துச் சக்கரங்களுக்கு அடைகட்டை கொடுங்கள். உறை பருத்தி போன்று மூச்சுவிடும் துணியாக இருக்கட்டும். பிளாஸ்டிக் தாள் ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும். கிளட்ச் தட்டு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பெடலை ஒரு கட்டையால் அழுத்தி வைப்பதும், எலி புகாதபடி சைலன்சர் வாயை அடைப்பதும் பழைய வழக்கங்கள். இவற்றைச் செய்தால் என்னென்ன செய்தோம் என்பதை ஒரு சிவப்பு அட்டையில் எழுதி ஸ்டியரிங்கில் கட்டிவிட வேண்டும். ஆறு மாதம் கழித்துச் சாவியைத் திருகப்போகும் ஆள் நீங்களாகவே இருந்தாலும் அது நினைவில் இருக்காது.